சீமாட்டி, பட்டாளம், நான்

தை 2, புதன். மாட்டுப் பொங்கல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத் தெரியும், அது போதும். நாளைக்கு யாராவது வாயைத் துடைத்துக்கொண்டு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நின்றால் எடுத்துக் காட்டுவதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இன்றைக்குச் சொன்னது என் மகன் திருமூர்த்தி. பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா, தை இருவத்தொண்ணாந் தேதி புது ஃபிளாட்டுல பால் காச்சறோம். அங்க நாயி வளக்கக்கூடாதுன்னு அசோசியேசன்ல ரூல்ஸ். ரெண்டையும் எங்கியாச்சும் வுட்டரணும்."

"எங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மருமகள் வனிதாமணி என் தட்டில் இன்னொரு கரண்டிப் பொங்கல் வைத்தாள். கேட்காமல் விழுகிற பொங்கல் எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

சீமாட்டி வெள்ளை ராஜபாளையம். எதிர்வீட்டில் திருட்டுப் போன வருடம் திருமூர்த்தியேதான் குட்டியாக வாங்கி வந்தான். ஒரு வாரம் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான். அதற்கப்புறம் பீ அள்ளியது நான். பட்டாளம் தெருநாய், ஒரு காது கிழிசல். பனியன் கம்பெனியில் நான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கடைசி வருடம் கம்பெனி கேட்டிலிருந்து என் பின்னாலேயே வந்தான். போகச் சொன்னேன், போகவில்லை. சொன்னதைக் கேட்காத ஆளை எனக்குப் பிடிக்கும்.

"பால் காச்சறன்னிக்கு மாடு வருமா?" என்று கேட்டேன்.

"வரும். கன்னுக்குட்டியோட சொல்லியாச்சு. பார்க்கிங் வரைக்கும் வுடறாங்க."

சாணி போடுகிற மாட்டுக்கு ரூல்ஸ் இல்லை.

தை 4, வெள்ளி

துணி துவைக்கிற கல்லுக்கு மேலேதான் மாடி ஜன்னல். திருமூர்த்தி அங்கே நின்று போன் பேசினான். துவைக்கிற சத்தத்தில் எனக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பான். நான் தப்புக்கல்லில் அடிப்பதை நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கெழம அம்மா கோயிலுக்குப் போயிருப்பாங்க. அப்ப வந்து ரெண்டையும் புடிச்சுட்டுப் போயிருங்க. வாய்க்கு வலை போட்டுக்கங்க, ஒண்ணு கடிக்கும்."

பட்டாளம் இதுவரை யாரையும் கடித்ததில்லை. சீமாட்டி கடித்தது கேபிள்காரனை மட்டும். அவன் கடிபட வேண்டியவன்தான்.

மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மீதித் துணியையும் துவைத்து அலசிக் காயப்போட்டேன். அவன் சட்டையை மட்டும் பிழியாமல் போட்டேன்.

மத்தியானம் மயில்சாமியைப் பார்க்கப் போனேன். நாலு தெரு தள்ளி இளநீர் விற்கிறவன், சின்ன யானை என்கிற குட்டி லோடு வண்டி வைத்திருக்கிறான்.

"நாளைக்குக் கொடுமுடி போகோணும். நானும் ரெண்டு நாயும்."

"நாயிங்களா?" மூன்றடி பின்னால் போனான். "கட்டிப்போடுவீங்கல்ல?"

"உன்னையா, நாயையா?"

கொடுமுடி நான் பிறந்த ஊர். காவேரி ஓடுகிறது, நாய்க்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. அதனால்தான் போகிறேன். செத்துப்போன என் தம்பியின் பெண்சாதி சம்பூர்ணம் அங்கே இருக்கிறாள். அதற்கும் நான் போவதற்கும் சம்பந்தம் இல்லை. அவள் வீட்டுப் படியை நான் ஏற மாட்டேன்.

தை 5, சனி

திருமூர்த்தி கம்பெனிக்குப் போன பிறகு வண்டி வந்தது. இரண்டு சேலை, நாய்களின் வட்டில், ஒரு பை அரிசி, போர்வை. வனிதாமணி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அத்தை, எங்க போறீங்க?"

"ஆத்துக்கு."

"நாயோடயா?"

"அதுகளுக்கும் பாவம் இருக்குமில்ல. கழுவிட்டு வாரோம்."

அவளுக்குச் சிரிப்பதா, போன் போடுவதா என்று தெரியவில்லை. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

முதலில் நான் முன்னால் உட்கார்ந்தேன். நாய்கள் பின்னால், இளநீர்க் குலைகளுக்கு நடுவே. தாராபுரம் ரோடு தாண்டுவதற்குள் சீமாட்டி ஊளையிட ஆரம்பித்தாள். எழவு வீட்டுக்குப் போகிற வண்டி என்று நினைத்து ரோட்டில் போகிறவர்கள் ஒதுங்கி நின்றார்கள். மயில்சாமிக்கு வேர்த்துவிட்டது.

"ஏனுங்கம்மா, அது பின்னால கண்ணாடி வழியா என்னையே பாக்குதுங்."

"உன்ற மூஞ்சிக்கு அதுவாச்சும் பாக்குதே."

காங்கேயத்தில் நிறுத்தச் சொல்லி நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். போர்வையை விரித்து உட்கார்ந்தேன். சீமாட்டி தலையை மடியில் வைத்தாள், பட்டாளம் காற்றுக்கு எதிராக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றான். டீக்கடையில் நின்றவன் ஒருத்தன் கேட்டான்: "அந்த வெள்ளையக் குடுப்பீங்களா?"

"உன்ற பொண்டாட்டியக் கேட்டா குடுப்பயா?"

டீக்கடை முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த டீ நன்றாக இருந்தது.

முத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் வண்டி நகரவில்லை. மேளம், பெண்டு பிள்ளைகள், பட்டுச்சேலை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிமிர்ந்து நடந்து போனாள். அவனுடைய அக்காவாகத்தான் இருக்கும். எங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவளுக்குப் பட்டுக் கட்டி, அவன் பக்கத்தில் நிறுத்தி, சபை நடுவில் செய்கிற சீர். அவளுக்கு அது ஒரே ஒரு தடவை கிடைக்கிற மரியாதை.

என் தம்பிக்கு நான் ஒருத்திதான் அக்கா. அவன் கல்யாணத்தின்போது என் புருஷன் செத்து இரண்டு வருடம். திருமூர்த்தி இடுப்பில் இருந்தான். சீர் செய்கிற நேரத்தில் என்னைப் பந்திக்கு இலை எடுத்து வைக்க அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் சித்தப்பன் மகள் நிற்கிறாள், எனக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு. தம்பி என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். சம்பூர்ணத்தின் பக்கத்துப் பேச்சு அது என்று அன்றைக்கே தெரியும். அதற்கப்புறம் அவளோடு ஒரு வார்த்தை இல்லை. தம்பி செத்தபோது போனேன். முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

மேளக்காரர்கள் ஒதுங்கும்வரை பட்டாளம் குரைத்துக்கொண்டே இருந்தான். நான் அதட்டவில்லை.

கொடுமுடியில் ஒரு லாட்ஜிலும் நாயை விடவில்லை. "நாயிக்கும் ஆதார் கார்டு இருக்குதுங்களாம்மா?" என்று ஒருத்தன் நக்கல் செய்தான். "உனக்கு இருக்குதே, அத வெச்சு என்னத்தக் கிழிச்ச?" என்றேன். கடைசியில் படித்துறைப் பக்கத்து மண்டபத்தில் இறங்கினோம். மயில்சாமி நாலு இளநீரை இறக்கி வைத்தான். போகும்போது பட்டாளத்தின் தலையைத் தொட்டுவிட்டுக் கையை அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

தை 6, ஞாயிறு

திருமூர்த்தி போன் செய்தான். எடுக்கவில்லை.

வலையோடு வந்தவன் வெறுங்கையோடு போயிருப்பான். அதை நினைத்து இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

காலையில் குளிக்க ஒருத்தி வந்தாள். சம்பூர்ணம் என்று நடையிலேயே தெரிந்துவிட்டது. தூணுக்கு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. வெறும் நெற்றி.

தை 8, செவ்வாய்

கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு விசேஷம் என்பது நினைவில் இல்லை. வெள்ளென ஒரு பெண் வாழையிலையில் தயிர்ச்சோறு கொண்டு வந்தாள்.

"ஏனுங்கம்மா, இதுக பைரவர் நாயிங்களா?"

"எல்லா நாயும் பைரவர் நாயிதான், கண்ணு."

சும்மாதான் சொன்னேன். அவள் போய் யாரிடம் என்ன சொன்னாளோ, அடுத்த நிமிஷம் ஐந்து பேர். அப்புறம் வரிசை. நேர்த்திக்காகப் பைரவர் நாய்களைக் கூட்டி வந்த அம்மா என்று பேசிக்கொண்டார்கள். தயிர்ச்சோறு, வடை, பிஸ்கட், சர்க்கரைப் பொங்கல். எனக்கும் காபி, வடை. கீழே உட்காரக்கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள். இரண்டு பக்கமும் நாய், நடுவில் நான்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு பெண், கழுத்தில் மஞ்சள் மாறவில்லை, புருஷனோடு வந்து குனிந்தாள். "உங்க கையால துன்னூறு வெச்சு வுடுங்கம்மா."

"கண்ணு, நான்…" என்றேன்.

"வெச்சு வுடுங்கம்மா."

வைத்தேன். திருநீறு அவள் மூக்கெல்லாம் கொட்டியது. வெயிலில் உட்கார்ந்திருந்தது காரணம்.

வேண்டாம், போதும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் வடை இருந்தது.

சீமாட்டிக்குச் சர்க்கரைப் பொங்கலில் இருந்த திராட்சை பிடித்துப்போயிற்று. பொறுக்கிப் பொறுக்கித் தின்றாள். ஜனங்கள் சிரித்து இன்னும் போட்டார்கள். வெயில் தாழ்வதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கால் மடங்கிப் படுத்துவிட்டாள். கண் என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒருத்தர்கூட மிச்சம் இல்லை. அந்தப் பெரிய உடம்பை என்னால் தூக்க முடியவில்லை.

ஓடினேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான்.

படி ஏற மாட்டேன் என்று எழுதியிருந்தேன். ஏறவில்லை. வாசலில் நின்று கத்தினேன்.

"சம்பூர்ணம்! நாயி சாகுது!"

கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். எப்ப வந்தீங்க, ஏன் வந்தீங்க என்று ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோவைக் கூப்பிட்டது அவள். போர்வையின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுப் பெண். சீமாட்டியின் வாயைத் திறந்து, பல்லில் ஒட்டியிருந்த திராட்சையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாய்க்குத் திராட்சை ஆகவே ஆகாதும்மா. கிட்னி போயிரும். யாரு குடுத்தது?"

சீமாட்டியின் வாய் நுரையை முந்தானையால் துடைத்தேன்.

"ஊரே சேந்து குடுத்துச்சுங்" என்றாள் சம்பூர்ணம்.

காலில் ஊசி குத்தி பாட்டில் மாட்டினார்கள். நாளைக்கும் வரவேண்டும், மறுநாளும் வரவேண்டும். பிழைக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

இப்போது சம்பூர்ணத்தின் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறோம். மாட்டை அவள் எப்போதோ விற்றுவிட்டாள். கொட்டகைக்குப் படி கிடையாது.

தை 9, புதன்

பாட்டில் ஏறுகிறது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பட்டாளம் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறான்.

தை 11, வெள்ளி

சீமாட்டி இன்று ஒரு வாய் கஞ்சி நக்கினாள். மூத்திரம் ஒழுங்காகப் போகிறது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் சம்பூர்ணம் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். புருஷனின் அக்காவைக் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டாள்.

"நங்கையா, சோறுண்ண வாங்."

"இங்கியே குடு."

"இங்க மாடுதானுங்க தின்னும்."

"அப்ப எனக்குத் தோதான எடந்தான்."

போனாள். இரண்டு தட்டோடு வந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, இன்னொன்றோடு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பாதிச் சோற்றில் கேட்டுவிட்டேன். "உன்ற கல்யாணத்துல என்னைய இணைச்சீருக்கு வேண்டாம்னது ஆரு? உங்கம்மாளா, உங்கொப்பனா?"

வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "நாந்தானுங்."

பொய் சொல்வாள், செத்தவர்கள் மேல் போடுவாள் என்று நினைத்திருந்தேன். அதற்குச் சொல்ல வேண்டிய பதில் இத்தனை வருடமாக என்னிடம் தயாராக இருந்தது. இதற்கு இல்லை.

"இருவது வயசுங் நங்கையா. தாலி அறுத்தவ கை பட்டா உன்ற தாலி நிக்காதுன்னு காதுல ஓதிட்டே இருந்தாங்க. பயந்துட்டேன். அந்தம்மா நின்னா நான் மணவறைக்கு வர மாட்டேன்னு அழுதேன். உங்க தம்பிகிட்டச் சொல்லியுட்டாங்க. அவரு ஒண்ணும் பேசலீங்."

"அப்பறம் உன்ற தாலி நின்னுச்சா?"

கேட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தேன். குழம்பில் காரம் அதிகம்.

"நிக்கலீங்" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "கார்த்திகைல எங்கண்ணன் பேத்திக்குச் சீரு. என்னையச் சமையக்கட்டுக்குப் பின்னால வெங்காயம் உரிக்க உக்கார வெச்சுட்டாங்க. நல்லதாப் போச்சு. கண்ணுல தண்ணி வந்தா ஆரும் ஏன்னு கேக்க மாட்டாங்கல்ல."

பட்டாளம் எழுந்து போய் அவள் தட்டை மோந்து பார்த்தான். ஒரு உருண்டை உருட்டி அவனுக்கு வைத்தாள்.

"நான் உன்னைய மன்னிக்கல" என்றேன்.

"வேண்டாம்ங். கொழம்பு ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

தை 13, ஞாயிறு

திருமூர்த்தி காரில் வந்து இறங்கினான். வனிதாமணிக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னது சம்பூர்ணம்தான். கேட்டதற்கு, "பெத்தவ எங்கன்னு தெரியாம அவன் எப்பிடித் தூங்குவான்?" என்றாள். அது தனிக் கணக்கு, பிறகு வைத்துக்கொள்கிறேன்.

பட்டாளம் முதலில் குரைத்தான், பிறகு வாலை ஆட்டிக்கொண்டு அவன் மேல் ஏறினான். வலை போடச் சொன்னவன் என்று அந்த முட்டாளுக்கு எங்கே தெரியும்? சீமாட்டி எழுந்திருக்க முடியாமல் வாலால் தரையைத் தட்டினாள். திருமூர்த்தி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதைத் தடவினான். 

"ஏம்மா இப்பிடிப் பண்ற? சம்பந்தி ஊட்டுல என்ன நெனப்பாங்க?"

"நாயிக்கு வலை போடறவன்னு நெனைப்பாங்களா?"

சம்பூர்ணம் காபி கொண்டு வந்தாள். "கண்ணு, ரெண்டும் இங்கியே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். எடம் கெடக்குது."

அவளைத் திரும்பிப் பார்த்தேன். இப்படிச் சொல்லப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு, முடிஞ்சுது. நாயிக்கும் எடம் ஆச்சு. கெளம்பும்மா."

அவன் சொன்னது சரிதான். நாய்களுக்காகத்தான் வந்தேன், நாய்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. எழுந்து சேலையை உதறினேன். பையைக்கூட எடுத்துவிட்டேன்.

"பால் ஆரு காச்சறது?" என்று கேட்டேன்.

காபியை ஊதினான். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"வனிதாவோட அப்பா அம்மா ஜோடியா நின்னு…"

"நான் எங்க நிக்கறது?"

"நீ உள்ள ரூமுல இரும்மா. பால் பொங்குனதும் நானே வந்து கூப்புடறேன். ஐயரு அப்பிடிச் சொல்றாரு. நானா சொல்றேன்?"

தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவை எனக்குத் தெரியும். தம்பிக்குக் கழுத்து கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பையைக் கீழே வைத்தேன்.

"இதக் கேளு. அடுப்ப நான் பத்த வெப்பேன். சீமாட்டியும் பட்டாளமும் எனக்கு ரெண்டு பக்கமும் நிப்பாங்க. பால் பொங்கற வரைக்கும் போதும், அப்பறம் கூட்டிட்டு வந்தர்றேன். மாடு நிக்கற எடத்துல நாயி நின்னா கட்டடம் இடிஞ்சுராது. சம்பூர்ணமும் வருவா, மொத வரிசைல நிப்பா. இதுக்கு ஒத்துக்கிட்டா வண்டியக் கொண்டா."

"இல்லீன்னா?"

"இல்லீன்னா நான் இங்கிருக்கேன். வழிதான் உனக்குத் தெரியுமே."

"நாயிக்காக மகன வேண்டாங்கறயா?"

"நாயி என்னைய உள்ள ரூமுல இருன்னு சொல்லலையே."

கார் திரும்புவதைப் பார்க்கவில்லை. சீமாட்டிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அது ரொம்ப நேரம் ஆறவில்லை.

தை 17, வியாழன்

சீமாட்டி சம்பூர்ணத்தின் செருப்பைத் தின்றுவிட்டாள். குணமாகிவிட்டாள்.

தை 19, சனி

வண்டி வரவில்லை. வரும் என்று நான் சொல்லவும் இல்லை. பச்சைப் புடவை ஒன்று இஸ்திரிக்குக் கொடுத்திருந்தேன், சும்மாதான். சம்பூர்ணம் வாங்கி வந்து மடித்து வைத்தாள். 

தை 21, திங்கள்

வெள்ளென போன் அடித்தது. படம் தெரிகிற போன், சம்பூர்ணத்தினுடையது. பேத்தி மிதுனாவின் முகம்.

"அப்பத்தா, நீ ஏன் வரல? அப்பா பேசறாராம்."

புது வீடு தெரிந்தது. மஞ்சள் பூசிய அடுப்பு, அதற்கு மேல் வெள்ளிப் பாத்திரம், பின்னால் சம்பந்தியம்மாள் பட்டுச்சேலையில். திருமூர்த்தி போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை போல.

"அம்மா, நீ அங்கிருந்தே 'ம்'னு சொல்லு. நான் பத்த வெக்கறேன். ஐயரு இதுக்கு ஒண்ணுஞ் சொல்லல."

சம்பூர்ணம் என் முழங்கையைத் தொட்டாள். "'ம்' சொல்லுங் நங்கையா. பையன் எறங்கி வாரான்."

"அவன் எங்க எறங்குனான்? போனத்தான் எறக்கி வெச்சிருக்கான்."

அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"திருமூர்த்தி, உன்ற ஊட்டு அடுப்ப நீயே பத்த வெய்யி. நல்லா இரு. மனசாரத்தான் சொல்றேன். நான் அங்க நின்னு பாக்கற நாள்ல பாத்துக்கறேன். பாலத் தீய வுட்டராத."

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். இஸ்திரி போட்ட பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். நாய்களை அவிழ்த்தேன். ஆற்றுக்கு எதற்கு நல்ல புடவை என்று சம்பூர்ணம் கேட்கவில்லை. துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

படித்துறையில் கூட்டம். நாங்கள் கீழ்ப்பக்கம் ஒதுங்கித்தான் இறங்கினோம். சீமாட்டி தண்ணீரைக் கண்டதும் சங்கிலியோடு என்னையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தாள். புடவை பாதி நனைந்துவிட்டது. மேல் படியில் திருநீறு பூசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஈர வேட்டி, கையில் வெள்ளிச் செம்பு, எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏனுங்கம்மா, வெவஸ்தை வேண்டாமா? சாமி கும்புடற எடத்துல நாயக் கொண்டாந்து குளிப்பாட்டறீங்க? அதும் வெறும் நெத்தியோட ரெண்டு பேரு!"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கல்யாணத்தன்றும் சரி, புருஷன் செத்தன்றும் சரி, அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"ஆறு என்ன உங்கொப்பன் வெட்டுனதுங்களா?"

பெரியவர் செம்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி மேலே போனார். குளித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தி சிரித்தாள். சம்பூர்ணத்துக்குத்தான் மூச்சு வாங்கியது. தான் பேசியதைத் தானே கேட்டு அதிர்ந்தவளைப் போலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பட்டாளத்தின் கழுத்தை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நங்கையா, அந்தப் பக்கம் புடிங். திமிறறான்."

பிடித்தேன்.